கதாநாயகன் கையில் ஒரு புத்தகம்



ஆவடியிலிருந்து உள்ளே போனால் கர்லப்பாக்கம். இயக்குநர் பா. ரஞ்சித்தின் ஊர். இந்தப் பக்கத்து ஆள் சினிமாவில் இவ்வளவு தூரம் போனதில் எனக்கும் பெருமைதான், மறைக்கவில்லை. ஆனால் 'நம்ம ஆளு' என்று விசிலடித்துவிட்டு எழுந்து போவதற்கா இத்தனை காலம் காத்துக்கிடந்தோம்?

1992-ல் 'தேவர் மகன்', 1993-ல் 'எஜமான்'. காசு கொடுத்து டிக்கெட் வாங்கி, ஆண்ட பரம்பரைக் கதைக்கு நாமே கைதட்டினோம். 2012-ல் 'அட்டகத்தி' வந்தது. புரட்சி வசனம் ஒன்றும் கிடையாது. நகரத்து ஓரத்தில் ஓர் ஊர், பஸ், ஒருதலைக் காதல், கானா பாலாவின் குரல். யாரும் யாரிடமும் இரக்கம் கேட்டு நிற்கவில்லை. எனக்கு அதுவே புதுசாக இருந்தது.

பிறகு நடந்ததைத்தான் நிதானமாகப் பேசவேண்டும். 'மெட்ராஸ்' (2014) காளி கையில் கல்யாணராவின் 'தீண்டாத வசந்தம்'. 'கபாலி' (2016) சிறைக்குள் உட்கார்ந்து ஒய்.பி. சத்தியநாராயணாவின் 'மை ஃபாதர் பாலையா' படிக்கிறான். ரயில்வேயில் உழைத்த தலித் குடும்பத்தின் தலைமுறைக் கதை அது. தண்டவாளத்தை ஒட்டியே பிழைக்கிற அம்பத்தூர்க்காரனுக்கு அது என்ன அந்நியக் கதையா? இரண்டு ஆசிரியர்களும் தெலுங்கு மண்ணின் ஆட்கள். நம்ம எழுத்தாளர் ஒருத்தர்கூடவா கிடைக்கல என்று ஒரு தோழர் என்னிடம் சண்டை போட்டார். நியாயமான சண்டை. இருந்தாலும் ரஜினி கையில் பார்த்தே அந்தப் புத்தகத்தைத் தேடிப் போனவர்கள் உண்டு. முந்நூறு பிரதி அடித்துக் கட்டுக்கட்டாகச் சுமக்கிற நம்மால் முடியாததை ஒரு காட்சி செய்தது. ஒத்துக்கொள்வோமே.

விமர்சனமும் உண்டு. 'கபாலி'யிலும் 'காலா'விலும் (2018) சனங்களைக் காப்பாற்ற ஒரு பெரிய நட்சத்திரம் தேவைப்பட்டார். 'காலா' முடிவில் கூட்டமே காலாவாகிறது, சரி. ஆனால் ஒரு பெண்ணின் வாயிலிருந்தே அரசியலைக் கேட்க 2022-ல் 'நட்சத்திரம் நகர்கிறது' ரெனே வரைக்கும் பொறுக்க வேண்டியிருந்தது. பத்து வருஷம்! இதைச் சொன்னால் 'நீங்களே இப்படிப் பேசலாமா' என்கிறார்கள். நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? எதிரி பேசினால் அது வசவு.

'நீலம்' வழியாக 'பரியேறும் பெருமாள்' (2018) எடுக்க மாரி செல்வராஜுக்குக் கதவு திறந்தது. அந்தக் கதவு வழியாக அடுத்து எந்தப் பெண் இயக்குநர் வரப்போகிறார் என்று கேட்கிறேன்.

மாணவத் தோழர்கள் இந்தப் படங்களைப் பற்றி எழுதி அனுப்புங்கள். வெறும் பாராட்டாக இருந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். தபால் தலை வைக்கவும்.