'வ்யூ' வேறு, 'பாஸ்' வேறு

நான் படித்தது பிரெஞ்சு வழியில். எங்கள் வாத்தியார் வீட்டுப்பாட நோட்டின் ஓரத்தில் சிவப்பு மையால் 'வ்யூ' என்று எழுதுவார். 'பார்த்தேன்' என்று அர்த்தம். அதைச் 'சரி' என்று எடுத்துக்கொண்டு, அதே கணக்கைப் பரீட்சையிலும் எழுதி முட்டை வாங்கினேன். போய்க் கேட்டதற்கு, "பார்த்தேன் என்றுதானே எழுதினேன், சரி என்று எழுதினேனா?" என்றார்.

பிறகு புதுச்சேரியில் அரசாங்க குமாஸ்தாவாக 35 வருஷம் பில்களோடு மாரடித்தபோது அந்தப் பாடம் தினமும் உதவியது. பில்லைச் சரிபார்த்துச் சுருக்கொப்பம் போடுவது என் வேலை. 'பாஸ்' செய்து பணம் கொடுக்கச் சொல்வது அதிகாரியின் வேலை. இரண்டும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

இந்தப் பழங்கதை இப்போது எதற்கு என்கிறீர்களா? போன மாதம் பேரன் பெங்களூரிலிருந்து வந்தான். என் பிக்சட் டெபாசிட் ஒன்று முதிர்ந்திருப்பது எப்படியோ அவன் காதுக்குப் போயிருக்கிறது.

"தாத்தா, 2 லட்சம் குடுங்க. கிரிப்டோ டோக்கன்ல போடறேன். ஏஐ ஏஜென்ட் ஒண்ணு வெச்சிருக்கேன். அதுவே ரிஸ்க் பாத்து அதுவே வாங்கும். நான் தூங்கினாக்கூட அது தூங்காது" என்றான்.

"எதைப் பார்க்கும்?" என்றேன். லேப்டாப்பைத் திறந்து பொறுமையாக விளக்கினான். எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

டோக்கன் என்பதை இன்று யார் வேண்டுமானாலும் சில நிமிடங்களில் வெளியிடலாம். அதன் பின்னால் ஒரு புரோகிராம் இருக்கும். அதைப் படித்துப் பார்க்கவென்றே தானியங்கிக் கருவிகள் உண்டு. வாங்கியவர் திருப்பி விற்க முடியுமா, வெளியிட்டவர் இஷ்டத்துக்குப் புதிதாக அச்சடித்துக்கொள்ள முடியுமா, பெரும்பகுதி நாலைந்து பேர் கையிலேயே இருக்கிறதா, விற்பவர்களுக்குக் கொடுப்பதற்கென்று வைத்த பணத்தை அவர் ஒரே நாளில் வாரிக்கொண்டு போக முடியுமா என்றெல்லாம் பார்க்கும். வாங்குவது போலவும் விற்பது போலவும் நடித்துக்கூடப் பார்க்குமாம். கடைசியில் ஒரு மதிப்பெண். பச்சை என்றால் ஏஜென்ட் அடுத்த நொடியே வாங்கிவிடும்.

கருவியைக் குறை சொல்ல மாட்டேன். 2021 அக்டோபர் கடைசியில் 'ஸ்க்விட் கேம்' தொடரின் பெயரை வைத்து, அந்தத் தொடருக்குச் சம்பந்தமே இல்லாத யாரோ ஒரு டோக்கன் விட்டார்கள். ஒரு சென்ட் அளவில் ஆரம்பித்தது, நவம்பர் 1-ஆம் தேதி 2,800 டாலரைத் தாண்டி, சில நிமிடங்களில் பூஜ்யத்துக்கு வந்தது. போட்டவர்கள் விற்கப் பார்த்தால் முடியவில்லை. வெளியிட்டவர்கள் 30 லட்சம் டாலருக்கு மேல் சுருட்டிக்கொண்டு மறைந்தார்கள். வாங்கலாம், விற்க முடியாது என்கிற இந்த மாதிரி எலிப்பொறியைக் கண்டுபிடிக்கத்தான் அந்த 'விற்றுப் பார்க்கும்' சோதனை. அந்த அளவுக்கு அது நல்ல குமாஸ்தா.

ஆனால் குமாஸ்தாவின் கண்ணுக்குத் தெரிவது காகிதத்தில் இருப்பது மட்டும்தான். 2022 மே முதல் வாரத்தில் 'லூனா' 80 டாலருக்கு மேல் இருந்தது. இரண்டு வாரத்துக்குள் ஒரு சென்ட்டுக்கும் கீழே போனது. அதில் விற்கத் தடை இல்லை, ஒளித்துவைத்த பொறியும் இல்லை. ஒரு டாலரிலேயே நிற்க வேண்டிய கூட்டாளி நாணயம் ஒன்று சரிய, அதைத் தாங்க லூனாவை அச்சடித்துக்கொண்டே போனார்கள். புரோகிராம் எழுதியபடியேதான் நடந்தது. ஜனங்களுக்கு நம்பிக்கை போய்விட்டது, அவ்வளவுதான். நம்பிக்கை எந்தக் கருவியின் கட்டத்திலும் வராது. இன்று 20 பேர் கணக்கு என்று தெரிவது ஒரே ஆளின் 20 கணக்காக இருக்கலாம். இன்று பூட்டியிருக்கும் பணத்தின் பூட்டு அடுத்த மாதம் திறக்கலாம்.

இன்னொன்று, நம் ஊர் வருமான வரி. 2022 ஏப்ரல் முதல் கிரிப்டோ லாபத்துக்கு 30 சதவீதம் வரி. செஸ் தனி. ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் லாபத்தில் கழிக்க முடியாது. ஏஜென்ட் காலையில் 1,000 ரூபாய் சம்பாதித்து மாலையில் 1,000 ரூபாய் விட்டால், கையில் ஒன்றும் நிற்காது, வரி மட்டும் 300 நிற்கும். இது போதாதென்று விற்கும்போது 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பதும் உண்டு. இதைச் சொன்னதும் பேரன் முகம் கொஞ்சம் மாறியது. டோக்கனுக்கு மதிப்பெண் போடும் கருவி இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

என் அபிப்பிராயம் இதுதான். மிஷின் சரிபார்க்கட்டும், நம்மைவிட நன்றாகவே பார்க்கும். ஆனால் 'ஆபத்து எதுவும் தென்படவில்லை' என்பது வெறும் 'வ்யூ'. அதையே 'பாஸ்' என்று எடுத்துக்கொள்ளும் இன்னொரு மிஷினிடம் பணப்பெட்டிச் சாவியைக் கொடுத்தால், நடுவில் ஒரு மனுஷன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு "இது எதுக்குப்பா?" என்று கேட்கும் அந்த ஒரு நிமிஷம் காணாமல் போகிறது. என் சர்வீஸில் அரசாங்கப் பணம் பிழைத்ததெல்லாம் அந்த ஒரு நிமிஷத்தில்தான்.

2 லட்சம் தர முடியாது என்றேன். அது எனக்கும் அவன் பாட்டிக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கு வைத்த பணம். போனால் திரும்பிச் சம்பாதிக்க எனக்கு வயசில்லை. 10,000 ரூபாய் கொடுத்தேன், போனாலும் கேட்க மாட்டேன் என்று. ஒரே நிபந்தனை: வாங்கும் முன் ஏஜென்ட் அவனைக் கேட்க வேண்டும். முணுமுணுத்துக்கொண்டே அப்படி மாற்றி வைத்தான்.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் ஒருநாள் வந்து கேட்பார்கள். திட்டாதீர்கள், கேலியும் செய்யாதீர்கள். "பார்ப்பது யார், பாஸ் பண்ணுவது யார்?" என்று மட்டும் கேளுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை போன் செய்தான். முதல் வாரத்தில் ஏஜென்ட் 11 முறை கேட்டதாம். 11-ம் பச்சை. அதில் 9-ஐ அவனே வேண்டாம் என்று தள்ளியிருக்கிறான்.

"ஏன்டா?" என்றேன்.

"தெரியல தாத்தா. வ்யூ போட்டேன், பாஸ் பண்ண மனசு வரல" என்றான்.