மதுவைத் தொடாத தாயின் பிள்ளை

சென்ற மாதம் ஒன்பதாம் தேதி சந்தவாசல் பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்தேன். பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின்கீழ், 2016 முதல் மாதந்தோறும் அந்த நாளில் அரசு மருத்துவ நிலையங்களில் கர்ப்பிணிகளுக்குப் பரிசோதனை நடக்கிறது. சவ்வாது மலையிலிருந்து வந்திருந்த ஒரு பெண், எடையும் ரத்த அழுத்தமும் பார்த்தார்கள் என்றார். கணவர் வரவில்லையா என்றேன். பதில் சொன்னவர் மாமியார்: "அவன் காலையிலயே குடிச்சிட்டுப் படுத்துட்டான். இவ ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல."

கர்ப்பிணி மது அருந்தினால் சிசுவின் வளர்ச்சியும் மூளையும் கெடும் என்பதை 1973-இல் அமெரிக்க மருத்துவர்கள் ஜோன்ஸும் ஸ்மித்தும் விளக்கினர். கேடு அத்துடன் நிற்பதில்லை. மது நஞ்சுக்கொடியைத் தடையின்றிக் கடக்கும். நுரையீரலில் கிருமிகளை விழுங்கி அழிக்கும் காவல் அணுக்களில் குளுட்டாதயோன் என்னும் காப்புப் பொருளை அது குறைத்துவிடுவதாக விலங்காய்வுகள் காட்டுகின்றன. கிருமி எதிரே இருந்தும் அந்த அணுக்களால் முன்போல் விழுங்க முடிவதில்லை.

ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 சதவீதம் பேர் மது அருந்துகின்றனர்; பெண்களில் 0.3 சதவீதமே. ஆகவே இது நம் பிரச்சினை அன்று எனத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கணவன் குடிக்கும் மது மனைவியின் உடலில் கார்டிசோலாக உருமாறுகிறது. அதே ஆய்வில், மணமான பெண்களில் ஏறத்தாழ 38 சதவீதம் பேர் கணவரின் வன்முறைக்கு ஆளானதாகக் கூறியுள்ளனர்.

அச்சத்திலும் உறக்கமின்மையிலும் சுரக்கும் இந்த ஹார்மோனின் பெரும்பகுதியை நஞ்சுக்கொடியிலுள்ள ஒரு நொதி செயலிழக்கச் செய்துவிடும். நெடுநாள் மன அழுத்தத்தில் அந்த நொதி தளர்வதாகச் சில ஆய்வுகள் சுட்டுகின்றன. மார்பெலும்புக்குப் பின்னுள்ள தைமஸ் சுரப்பியில்தான் டி-அணுக்கள் பயிற்சி பெறுகின்றன. முதிராத அந்த அணுக்கள் கார்டிசோல் மிகும்போது கூட்டமாக மடியும், சுரப்பியே சுருங்கும். குறைப்பிரசவ அபாயத்தில் சிசுவின் நுரையீரல் முதிர்வதற்காக மருத்துவர் போடும் ஸ்டீராய்டு ஊசியை இதனோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உயிர்காக்கும் குறுகிய சிகிச்சை. ஒருநாள் சண்டையால் குழந்தைக்கு நோய் வந்துவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். இல்லையேல், குழந்தைக்குச் சளி பிடித்தாலும் "நீ அழுததால்தான்" என்று தாயின் தலையில் பழி விழும்.

2003 முதல் சில்லறை மது விற்பனை அரசின் கையில். 2023-24-இல் டாஸ்மாக் வழியாகக் கருவூலத்துக்கு வந்தது ரூ.45,000 கோடிக்கு மேல். அதே அரசு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் கர்ப்பிணிக்கு ரூ.18,000 மதிப்பில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் அந்தப் பணம் வீட்டில் யார் கைக்குப் போகிறது?

கடைகளை மூடுவது பற்றிய விவாதம் நடக்கட்டும். அதற்குள் ஒன்று செய்யலாம். கிராம சுகாதார செவிலியர் ஹீமோகுளோபின் அளவைக் குறிக்கும்போதே, வீட்டில் குடி உண்டா, இரவில் உறக்கம் உண்டா என்று கேட்டுக் குறிக்கட்டும். 'உண்டு' எனில், கணவருக்குக் குடிநோய் சிகிச்சையும் மனைவிக்கு 181 உதவி எண்ணும் அன்றே கிடைக்கட்டும். குடும்பத்தார் முன்னிலையில் கேட்டால் உண்மை வராது, தனியே கேட்க வேண்டும் என்று எழுத நினைத்திருந்தேன். ஆனால் சந்தவாசலில் உண்மையைச் சொன்னவர் மாமியார். மருமகள் கடைசிவரை வாய் திறக்கவில்லை.