அத்தையின் இடது கிட்னி

எங்கள் வீட்டில் கிட்னி என்றால் கல், அதைத் தாண்டினால் டயாலிசிஸ். எடை என்றால் சர்க்கரை, மாரடைப்பு, மூட்டுவலி. நான் கண்டு ஒரே திண்ணையில் நடந்த இந்த இரண்டு பேச்சும் ஒன்றையொன்று தொட்டதே இல்லை. போன ஆவணியில் அத்தைக்கு ஸ்கேன் எடுத்த அன்றுதான் தொட்டன.

சாப்பிட்டதும் வலது விலாவுக்குக் கீழே வலிக்கிறது என்றார் அத்தை. பித்தப்பைக் கல்லாக இருக்கும் என்று வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். கல் இருந்தது. கூடவே இடது சிறுநீரகத்தில் 3.5 சென்டிமீட்டரில் ஒரு கட்டியும் இருந்தது. சி.டி. ஸ்கேனையும் பார்த்த மருத்துவர், பெரும்பாலும் புற்றுநோய்தான் என்றார். அத்தைக்கு இடது பக்கம் ஒரு நாளும் வலித்ததில்லை, சிறுநீரில் ரத்தம் போனதில்லை. சிறுநீரகப் புற்றுநோயில் பாதிக்கு மேல் இன்று இப்படித்தான், வேறு எதற்கோ எடுக்கும் ஸ்கேனில் தட்டுப்படுகிறது. சிறுநீரில் ரத்தம், விலாப்புற வலி, கைக்கு அகப்படும் கட்டி என்று பழைய பாடநூல்கள் சொன்ன மூன்றும் ஒன்றாக வருவது பத்தில் ஒருவருக்குத்தான்.

"ஏத்தா, நான் பீடி சிகரெட்டா குடிச்சேன்? வெத்தலைகூடப் போட்டதில்லையே" என்றார் அத்தை வரும் வழியில். புகை ஒரு காரணம், ரத்தக்கொதிப்பு ஒன்று, உடல் எடை ஒன்று என்று மருத்துவர் சொல்லியிருந்ததை நான்தான் மெதுவாக எடுத்துச் சொன்னேன். 152 சென்டிமீட்டர் உயரத்துக்கு அத்தையின் எடை 84 கிலோ. கொஞ்ச நேரம் பேசாமல் வந்தவர் கேட்டார்: "அப்ப தின்னுதின்னு நானே வரவழைச்சுக்கிட்டேனா?"

இந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்ல முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. இந்த வாரம் எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான்.

எடைக்கும் சிறுநீரகப் புற்றுநோய்க்கும் தொடர்பு உண்டு என்பதில் சந்தேகமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் பிரான்ஸின் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2002இலேயே இதைச் சொல்லிவிட்டது. 2016இல் மறுபடி ஆராய்ந்து, உடற்பருமனோடு தொடர்புள்ள 13 புற்றுநோய்களின் பட்டியலை வெளியிட்டபோதும் சிறுநீரகம் அதில் இருந்தது. மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு, சரியான எடை உள்ளவர்களைவிட ஆபத்து சுமார் 1.8 மடங்கு என்று அது கணக்கிட்டது.

படித்ததில் என் மனதில் நின்றது ஸ்வீடன் நாட்டுக் கட்டடத் தொழிலாளர்களைப் பற்றிய ஆய்வு. 1971 முதல் 1992 வரை உடல் பரிசோதனைக்கு வந்த 3,63,992 ஆண்களின் உயரம், எடை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் எல்லாவற்றையும் குறித்து வைத்து, 1995 வரை அவர்களைத் தொடர்ந்தார்கள். 759 பேருக்குச் சிறுநீரகப் புற்றுநோய் வந்தது. எடை கூடிய வரிசையில் மேலே இருந்தவர்களுக்கு, கீழே இருந்தவர்களைவிட ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. கவனியுங்கள், இவர்கள் நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்கள் அல்ல. கல்லும் மரமும் தூக்கியவர்கள். அத்தையும் அப்படித்தான். சத்துணவுக் கூடத்தில் 27 வருஷம் அடுப்படியில் நின்று, பிள்ளைகளுக்குச் சோறு வடித்தவர். "நாள் பூரா வேலை செய்யிறவளுக்கு எடை என்ன செய்யும்" என்று நாங்கள் எல்லோரும் நம்பியிருந்தோம்.

அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது. ரத்த அழுத்தம் கூடக்கூட ஆபத்து கூடியது. அழுத்தம் குறைந்தவர்களுக்கு ஆபத்தும் குறைந்தது. என் நெஞ்சில் தைத்தது இதுதான். தலை சுற்றினால் பிரஷர் மாத்திரை போடுவார், நன்றாக இருந்தால் நிறுத்திவிடுவார் அத்தை. பதினைந்து வருஷமாக எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் பிடிவாதமாகச் சொல்லவில்லை.

எடை எப்படிச் சிறுநீரகம்வரை போகிறது? வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்ப்பதில்லை. கணையம் இன்னும் அதிகமாகச் சுரக்கிறது. இன்சுலின் சர்க்கரையை மட்டும் கவனிப்பதில்லை. செல்களை வளரச் சொல்வதும் அதன் வேலை. மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலிருந்துதான் வருகிறது. ஓயாத மெல்லிய அழற்சி ஒரு பக்கம். இதற்கு நடுவில் நாளொன்றுக்கு 180 லிட்டர் வடிகட்டும் சிறுநீரகங்கள், பெருத்த உடலுக்காக இன்னும் கூடுதலாக உழைக்கின்றன. இந்தப் புற்றுநோயில் முக்கால்வாசி ஒரே வகை: செல்லுக்குள் கொழுப்பு நிறைந்திருக்கும். கண்ணாடித் தகட்டுக்குத் தயாரிக்கும்போது அந்தக் கொழுப்பு கரைந்துவிடுவதால், நுண்ணோக்கியில் செல்கள் வெறுமையாக, தெளிந்த நீர்போலத் தெரியும்.

இரண்டு மடங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். நம் நாட்டில் லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒன்றிரண்டு பேருக்கு வரும் நோய் இது. பருமனாக இருப்பவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு இது ஒருநாளும் வராது. ஆனாலும், 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடை அல்லது பருமன் உள்ளவர்கள், ஆண்களில் 37 சதவீதம் பேர். இத்தனை பேர் ஒரு பக்கம் சாயும்போது, சின்ன எண்ணின் இரண்டு மடங்கும் சின்னதாக இருக்காது. எடை அளவில் அகப்படாத கொழுப்பும் நம்மவர்களுக்கு அதிகம், ஒரே பி.எம்.ஐ. உள்ள ஐரோப்பியரைவிட நம் வயிற்றில் கூடுதலாகச் சேர்கிறது.

அத்தையின் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் மரபணு ஆய்விலிருந்து வந்தது. எடையைக் கூட்டும் மரபணு வகைகளோடு பிறந்தவர்களுக்கு இந்தப் புற்றுநோயும் கூடுதலாக வருகிறது என்று 2019இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. எடை வெறும் உடன்நிகழ்வு அல்ல, காரணம்தான் என்பதற்கு இது வலுவான சான்று. அதே சான்று இன்னொன்றையும் சொல்கிறது: அந்த எடையில் ஒரு பங்கு கருவிலேயே எழுதப்பட்டது. காரணம் என்பது வேறு, குற்றம் என்பது வேறு. அத்தையிடம் இதைச் சொன்னேன். "எங்கம்மாவும் இதே உடம்புதான்" என்றார், முகம் கொஞ்சம் இளகி.

அதற்குள் உறவுக்காரர்களின் வைத்தியம் தொடங்கியிருந்தது. "இனிமேலாவது வாயைக் கட்டு" என்றார்கள். அத்தையும் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். இரண்டு வாரத்தில் 4 கிலோ இறங்கியதைப் பெருமையாகச் சொன்னபோது மருத்துவர் கடிந்துகொண்டார். நோய் வருவதற்கு முன்னால் ஆபத்தைக் கூட்டிய அதே எடை, வந்த பிறகு வேறு மாதிரி நடந்துகொள்கிறது. பல நாட்டு ஆய்வுகளில், இந்தப் புற்றுநோய் வந்தவர்களில் ஒல்லியானவர்களைவிடப் பருமனானவர்கள் சராசரியாகக் கூடுதல் காலம் வாழ்கிறார்கள். அவர்களது கட்டிகளின் போக்கும் சற்று மிதமாக இருக்கிறது. காரணமில்லாமல் எடை குறைந்தால் அதுவே கெட்ட அறிகுறி. அறுவைக்குப் போகிறவருக்குத் தசையில் தெம்பு வேண்டும். முட்டையும் பருப்பும் சாப்பிடச் சொல்லித்தான் அனுப்பினார்.

கட்டியை மட்டும் வெட்டி எடுத்து மீதிச் சிறுநீரகத்தை விட்டுவைத்தார்கள். 4 சென்டிமீட்டருக்குள் இருந்ததால் அது முடிந்தது. சுற்றிலும் ஒட்டியிருந்த கொழுப்பைப் பிரிக்கவே நேரம் பிடித்தது என்றார் அறுவை செய்தவர்.

எனக்கு ஆற்றாமை ஒன்று உண்டு. பதினைந்து வருஷமாக எங்கே போனாலும் அத்தையை மிஷினில் ஏற்றி எடையைச் சீட்டில் எழுதியிருக்கிறார்கள். மூட்டைப் பற்றிச் சொன்னார்கள், சர்க்கரையைப் பற்றிச் சொன்னார்கள். சிறுநீரகத்தைப் பற்றி ஒருவரும் சொல்லவில்லை. வீட்டில் நாங்களோ, கொஞ்சம் மெலிந்தால் "என்ன இப்படி இளைச்சிட்டீங்க" என்று பதறினோம், சதை போட்டால் "இப்பத்தான் பார்க்க லட்சணமா இருக்கு" என்றோம். பஞ்சம் பார்த்த தலைமுறையிடமிருந்து வந்த பேச்சு அது. அதில் பிரியம்தான் இருக்கிறது. அந்தப் பிரியத்தோடேயே மாத்திரையையும் ஞாபகப்படுத்தியிருக்கலாம்.

போன மாதம் ஆறாம் மாதப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். ஸ்கேன் சுத்தமாக இருந்தது. மிஷினில் ஏறி நின்ற அத்தை, நர்ஸ் எழுதும்வரை இறங்கவில்லை.

"எவ்வளவும்மா காட்டுது?"

"79 கிலோம்மா."

"பிரஷர்?"

"130க்கு 80."

பையிலிருந்து பழைய சத்துணவுக் கணக்கு நோட்டை எடுத்து, தேதி போட்டு, இரண்டையும் எழுதிக்கொண்டார். முந்தைய பக்கம் முழுக்க மாத்திரை போட்ட நாட்களின் டிக் குறிகள். ஒரு நாளும் விடுபட்டிருக்கவில்லை.