எலி நீந்தினால் போதுமா?

ஏறி வர வழியில்லாத ஒரு கண்ணாடிக் குடுவை, அதில் தண்ணீர். சுண்டெலியை உள்ளே விட்டு ஆறு நிமிடம் பார்க்கிறார்கள். கால் உதைப்பதை நிறுத்தி வெறுமனே மிதந்தால், அது சோர்ந்துவிட்டது என்று கணக்கு. மருந்து ஏற்றிய எலி கூடுதல் நேரம் உதைத்தால், அந்த மருந்துக்கு மனச்சோர்வைப் போக்கும் குணம் இருக்கலாம் என்று கணக்கு. 1977-இல் போர்சோல்ட் குழுவினர் வகுத்த சோதனை இது. கஞ்சாச் செடியிலிருந்து பிரித்த டி.எச்.சி., கன்னபிடியால், கன்னபிகுரோமீன் ஆகியவற்றை 2010-இல் அமெரிக்காவின் மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில் இப்படிச் சோதித்தார்கள். மூன்றும் தேறின.

எலியிடம் தேறியது, கடைக்கு வரும் எண்ணெய்ப் புட்டியின் மேல் மனிதரின் மனச்சோர்வுக்கு மருந்து என்று பேசுகிறது. நம் நாட்டின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டம் கஞ்சா என்று வரையறுப்பது பூவையும் பிசினையும்தான். தனி இலை அதில் வராது. அந்த இடைவெளியில், ஆயுர்வேத உரிமத்துடன் கஞ்சா இலைச் சாற்று எண்ணெய் இணையத்தில் விற்பனைக்கு வந்துவிட்டது. விழுப்புரம் மாவட்டத்து மயிலத்தில் இருப்பவரும் கைபேசியில் வரவழைக்கலாம். பூச்சிமருந்து குடித்தவரை அள்ளிக்கொண்டு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கு ஓடுவது இந்த வட்டாரத்துக்குப் பழகிய துயரம். மனசு சரியில்லை என்று சொல்லவே தயங்குகிற வீட்டுக்குள், மருத்துவரைத் தாண்டி ஒரு புட்டி நுழைவதுதான் நம் கவலை.

அதற்காக ஆய்வே வேண்டாம் என்பவர்களோடும் நமக்கு உடன்பாடில்லை. கஞ்சாவை மருந்தாக ஆராயும் நவீன முயற்சி வேர்விட்டதே இந்த மண்ணில்தான். 1839-இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் ஓஷாக்னசி, நாய், பூனை, ஆடு, மீன் என்று பலவற்றுக்கும் கஞ்சாவைக் கொடுத்துப் பார்த்தார். நோயாளிகளுக்கும் கொடுத்துக் குறிப்பெழுதினார். 1893-94-இல் வெள்ளையர் அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு 1,193 பேரிடம் சாட்சியம் கேட்டது. குரங்குக்குக் கஞ்சாப் புகை பிடிக்கவைத்துக்கூடப் பார்த்தது. பாவம், குரங்கு.

ஆனால் விலங்கு சொல்வதை எங்கே நிறுத்திக்கொள்வது? கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கபிரியெல்லா கோபியின் ஆய்வுகள் இதற்கு நல்ல பாடம். கஞ்சாவைப் போலவே மூளையில் வேலை செய்யும் ஒரு செயற்கைப் பொருளை அவரது குழு எலிகளுக்குக் கொடுத்தது. குறைந்த அளவில் மனச்சோர்வு மருந்துபோல் வேலை செய்தது. அளவு கூடியதும் பலன் தலைகீழானது. அது 2007. அதே கோபி 2019-இல், 23,317 பேரின் தரவுகள் அடங்கிய 11 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். வளரிளம் பருவத்தில் கஞ்சா பிடித்தவர்களுக்குப் பிற்பாடு மனச்சோர்வு வரும் வாய்ப்பு கூடுதலாகவே இருந்தது. எலியின் ஆறு நிமிடம் ஒரு பதினாறு வயதுப் பையனின் பத்து ஆண்டுகளுக்குச் சான்றாகாது. கன்னபிடியால் மருந்தை அமெரிக்க அரசு 2018-இல் ஏற்றதும் சில அரிய வகை வலிப்பு நோய்களுக்குத்தான், மனச்சோர்வுக்கு அல்ல.

நீச்சல் சோதனையே இன்று ஆட்டங்கண்டு நிற்கிறது. எலி மிதப்பது விரக்தியாலா, வீணாகச் சக்தியைச் செலவழிக்க வேண்டாம் என்ற புத்தியாலா என்று அறிவியலாளர்களே கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 2024-இல் அதைச் சட்டம் போட்டுத் தடுத்தது. நம் பார்மசி கல்லூரிகளின் முதுநிலை ஆய்வேடுகளிலோ அது பழகிப்போன சடங்கு: ஏதோ ஓர் இலையின் சாறு, ஒரு கூண்டு எலி, இமிப்ரமின் என்ற பழைய மனச்சோர்வு மருந்தோடு ஓர் ஒப்பீடு. ஆய்வேடு அலமாரிக்குப் போகும், எலி குப்பைக்குப் போகும், நோயாளிக்கு எதுவும் வந்து சேராது. விலங்கில்லாச் சோதனை முறைகளுக்கு நம் மருந்துச் சோதனை விதிகளே 2023-இல் இடம் கொடுத்துவிட்டன. கல்லூரிகள் இன்னும் திரும்பிப் பார்க்கவில்லை.

போதைப்பொருள் சட்டமும் ஆய்வுக்குக் குறுக்கே நிற்கவில்லை. மருத்துவம், அறிவியல் இரண்டுக்கும் எட்டாம் பிரிவு விலக்கு தருகிறது. கஞ்சாவை வளர்க்கவும் கையாளவும் உரிமம் தரும் அதிகாரம் பத்தாம் பிரிவின்படி மாநில அரசின் கையில். ஜம்முவில் மத்திய அரசின் ஆய்வு நிறுவனம் வேலியிட்ட தோட்டத்தில் கஞ்சா வளர்த்து ஆராய்கிறது. தமிழ்நாட்டில் அந்தச் செடியைப் பற்றிப் பேசுவது காவல்துறை மட்டும்தான். வேட்டை தொடரட்டும், பள்ளிப் பிள்ளைகளிடம் பொட்டலம் விற்பவனுக்கு எந்தச் சலுகையும் கூடாது. கூடவே மாநில மருத்துவப் பல்கலைக்கழகமும் புதுச்சேரி ஜிப்மரும் சேர்ந்து, அளவும் தரமும் உறுதியான மருந்தைக் கொண்டு, ஒப்புதல் தந்த பெரியவர்களிடம் முறையான சோதனை நடத்த அரசு உரிமம் வழங்க வேண்டும். அதன் முடிவு வரும்வரை மனச்சோர்வின் பெயரைச் சொல்லிக் கஞ்சா எண்ணெய் விற்கும் விளம்பரங்களை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அகற்ற வேண்டும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவும் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணும் இன்றே இருக்கின்றன. மயிலம் அருகே கூட்டேரிப்பட்டு பேருந்து நிறுத்தத்தில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க எந்த ஆய்வின் முடிவுக்கும் காத்திருக்க வேண்டியதில்லை.