சி.சி.டி. என்றொரு மூடநம்பிக்கை

இருபதாண்டுகளுக்கு முன் வந்த கையடக்க டிஜிட்டல் கேமராக்களுக்கு ‘வின்டேஜ்’ என்று பெயர் சூட்டி விலையை ஏற்றிவிட்டார்கள். நம் மாணவர்கள் சாப்பாட்டுச் செலவை மிச்சம் பிடித்து அவற்றை வாங்குகிறார்கள். பழையதை வாங்குவதில் நமக்கு மறுப்பில்லை. அதற்குச் சொல்லப்படும் காரணத்தோடுதான் நமக்கு வழக்கு.

சி.சி.டி. உணரி ஃபிலிம் போல நிறம் தருமாம், இன்றைய சி.எம்.ஓ.எஸ். உணரியில் அந்த உயிர் இல்லையாம். ஐயா, இரண்டுக்குமே நிறம் தெரியாது. அவை அறிவது ஒளியின் அளவை மட்டுமே. மேலே பதித்த வண்ண வடிகட்டிகளும் உள்ளிருக்கும் மென்பொருளும் சேர்ந்துதான் நிறத்தை ஆக்குகின்றன. முகத்தில் அறையும் ஃபிளாஷும் வெளுத்துப்போன வானமும் மீதி மாயத்தைச் செய்கின்றன. 2016இல் வந்த கையடக்கக் கேமரா ஒன்றைக் கேனான் 2025இல் சிறு மாற்றங்களோடு மீண்டும் கடைக்குக் கொண்டுவந்தது. அதிலிருப்பது சி.எம்.ஓ.எஸ்.தான்!

விற்பவர் சொல்லாத செய்தி வேறொன்று உண்டு. 2005இன் பிற்பகுதியில் சோனி, கேனான், நிக்கான் முதலிய நிறுவனங்கள், தம் மாடல்கள் பலவற்றில் இருந்த சோனி சி.சி.டி.யில் குறை உண்டென்று அறிவித்தன. வெப்பமும் ஈரப்பதமும் மிக்க இடங்களில் உள்ளிணைப்பு விட்டுப்போய்ப் படம் உருக்குலையும், அல்லது கறுத்துவிடும். வெப்பம், ஈரம் இரண்டுக்கும் சென்னையைவிடப் பொருத்தமான ஊர் ஏது? அன்று இலவசமாகப் பழுதுபார்த்துத் தந்தார்கள். இன்று அந்த உதிரிப்பாகத்தை எங்கே தேடுவது?

கார்டு அடுத்த தொல்லை. ஒலிம்பஸும் ஃபூஜியும் 2002இல் கொண்டுவந்த எக்ஸ்.டி. கார்டு 2 ஜி.பி.யோடு நின்றது; பிறகு அவர்களே அதைக் கைவிட்டார்கள். 2006க்கு முந்திய எஸ்.டி. கேமராக்கள் பலவும் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை ஏற்பதில்லை. இதில் நமக்கு உண்மையாகவே வலிப்பது ஒன்று. அக்காலத்துக் கேமராவைத் தேடி அலைகிறவர் வீட்டிலேயே, 2004இல் எடுத்த குடும்பப் படங்கள் அதே கார்டுகளிலும் கீறல் விழுந்த குறுந்தகடுகளிலும் படிப்பாரின்றிக் கிடக்கின்றன. உ.வே.சா. ஊரூராய் அலைந்தது ஓலையின் பழுப்பு நிறத்துக்காகவா?

அப்படியும் வாங்கியே தீருவோம் என்பவர்கள் சொந்தக் கார்டோடும் மின்னேற்றிய பேட்டரியோடும் ரிச்சி தெருவுக்குப் போங்கள். வெயிலில் ஒன்று, இருட்டில் ஒன்று என எடுத்துக் கணினியில் பாருங்கள். ஜூம் முழுதும் நீண்டு, தடையின்றி மடங்குகிறதா, பேட்டரி மூடியின் கொக்கி உடையாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். ‘சோதித்ததில்லை, ஆனால் ஓடும்’ என்பவரிடம் பேரம்கூடப் பேசாதீர்கள்.