அரசாங்கங்கள் கைகோக்கும்போது

பத்திரிகைச் சுதந்திரத்தைக் காக்க அரசாங்கங்கள் ஒன்று கூடியிருக்கின்றன என்று சொன்னால் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்குச் சிரிப்பு வரும். அரசாங்கங்கள் ஒன்று கூடினால் என்ன நடக்கும் என்பதைக் கிள்ளான் வட்டாரம் 1941லேயே கண்டுவிட்டது.

ஆர். எச். நாதன் ‘தமிழ் நேசன்’ பத்திரிகையில் பணியாற்றியவர். கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தை முன்னின்று நடத்தியவர். அன்று பால்மரத் தொழிலாளர் கேட்டவை என்ன? சீனத் தொழிலாளருக்கு ஈடான கூலி, பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளிக்கூடம், கள்ளுக்கடை மூடல், துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்காமல் போகும் உரிமை. (கிராணிமார் வருந்த வேண்டாம், இன்று நீங்களும் நாமும் ஒரே பக்கம்.) இவற்றோடு பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் அந்தப் பட்டியலில் இருந்தன. படிக்கத் தெரியாதவர் மிகுந்திருந்த லயங்களிலிருந்து எழுந்த கோரிக்கை அது!

மே மாதம் நாதனைப் பிடித்தார்கள். அவரை விடுதலை செய் என்று தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் பரவியது. பட்டாளம் வந்தது. துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர் மாண்டனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். இரு நாட்டிலும் ஆண்டவன் ஒரே வெள்ளையன். ஆகவே எழுதுகிறவனை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ள எந்த மாநாடும் தேவைப்படவில்லை.

2019 ஜூலையில் லண்டனில் நடந்த மாநாட்டில் பிரிட்டனும் கனடாவும் முன்நின்று, பத்திரிகையாளரைக் காக்க அரசாங்கங்களின் கூட்டணி ஒன்றை அமைத்தன. ஐம்பது நாடுகள் வரை அதில் சேர்ந்தன. எங்காவது எழுத்தாளன் சிறைப்பட்டால் கூட்டாகக் கண்டனம் தெரிவிப்பது, தத்தம் நாட்டுச் சட்டங்களைத் திருத்திக்கொள்வது என்பவை அதன் உறுதிமொழிகள். ஆனால் தண்டிக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. அந்த மாநாடு கூடியபோதே அதே லண்டனில் ஜூலியன் அசாஞ்சே சிறையில் இருந்தார். 2024 ஜூன் மாதந்தான் வெளியே வந்தார். ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களின் வீட்டுச் சங்கதி இது.

அப்படியானால் இது வெறும் காகிதந்தானே என்பீர்கள். காகிதத்தை நாம் இளக்காரமாக நினைப்பதில்லை. சங்கம் அமைக்கவும் கூட்டாகப் பேரம் பேசவும் தொழிலாளிக்குள்ள உரிமையைச் சொல்லும் ஐ.எல்.ஓ.வின் 98ஆம் ஒப்பந்தத்தில் நம் நாடு 1961ல் கையெழுத்திட்டது. அதனால் மறுநாளே கூலி ஏறிவிடவில்லை. ஆனால் அன்றுமுதல் ஜெனிவாவுக்குப் பதில் எழுத வேண்டிய கடமை நம் அரசாங்கத்துக்கு வந்தது. “நீங்கள் ஒப்புக்கொண்டதுதானே?” என்று கேட்க நமக்கும் ஒரு பிடி கிடைத்தது.

பத்திரிகை விஷயத்தில் அந்தப் பிடி நமக்கில்லை. லண்டனில் பிறந்த கூட்டணியின் பட்டியலில் மலேசியாவின் பெயரை நாம் பார்க்கவில்லை. மாறாக, 1984ஆம் ஆண்டின் அச்சகச் சட்டம் இருக்கிறது. பத்திரிகை வெளியிட உள்துறை அமைச்சின் பெர்மிட் வேண்டும். 1987 அக்டோபரில் இந்தப் பெட்டாலிங் ஜெயாவிலிருந்து வந்துகொண்டிருந்த ‘ஸ்டார்’ பத்திரிகையோடு ‘சின் சியூ’, ‘வத்தான்’ பத்திரிகைகளின் பெர்மிட்டும் ஒரே வீச்சில் பறிக்கப்பட்டன. எத்தனையோ தொழிலாளருக்கு வேலை நின்றது. ஆண்டுதோறும் பெர்மிட்டைப் புதுப்பிக்கும் தொல்லை 2012ல் நீங்கியது, பெர்மிட் நீங்கவில்லை. 2021ல் வாசகர்கள் எழுதிய கருத்துகளுக்காக ‘மலேசியாகினி’க்கு ஐந்து லட்சம் ரிங்கிட் அபராதம் விழுந்தது. அந்தப் பணத்தைச் சில மணி நேரத்தில் மக்களே திரட்டிக் கொடுத்துவிட்டார்கள். நாம் மகிழ்ந்தோம். ஆனால் சின்னஞ்சிறு தமிழ்ப் பத்திரிகைக்கு அப்படி அபராதம் விழுந்தால் தாங்குமா?

2025ல் ஊடக மன்றச் சட்டம் நடைமுறைக்கு வந்திருப்பதை வரவேற்கிறோம். பத்திரிகையாளரே தம் ஒழுங்கைத் தாமே பார்த்துக்கொள்ள மன்றம் ஒன்று வேண்டும் என்பது நெடுநாள் கோரிக்கை. மன்றம் வந்தபின் பெர்மிட் எதற்கு?

தோட்டத்து லயத்தில் குழாயில் தண்ணீர் வரவில்லை, ஆஸ்பத்திரியில் மருந்தில்லை, கணக்கில் பிடித்தம் தவறு என்ற ஒரு வரி அச்சேறுவதா இல்லையா என்பதுதான் நமக்கு இதில் உள்ள சங்கதி. உலகப் பத்திரிகைச் சுதந்திர தினம் ஒவ்வோர் ஆண்டும் மே 3ஆம் தேதி வருகிறது. அதற்கு முன்பாகக் கிளைகள் கூடித் தீர்மானம் நிறைவேற்றட்டும்: அரசாங்கம் அந்தக் கூட்டணியில் சேர வேண்டும், பெர்மிட் விதியை நீக்க வேண்டும். தீர்மானத்தின் பிரதியை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினருக்கும் நமது காரியாலயத்துக்கும் அனுப்புங்கள். கிராணியின் கையெழுத்தும் பால்வெட்டுகிறவரின் கையெழுத்தும் ஒரே தாளில் இருக்கட்டும்.