ஜாடியைக் கவிழ்த்துப் பாருங்கள்



மாவடுக் காலம் வந்தால் பரணிலிருந்து ஜாடிகள் இறங்கும். கூடவே வீட்டில் ஒரு பேச்சும் கிளம்பும்: "இத்தனை எதுக்கு? ரெண்டை வெச்சுக்கிட்டு மிச்சத்தைத் தள்ளிவிடலாமே." தாராளமாகத் தள்ளிவிடுங்கள். ஆனால் பழைய சாமான்காரரிடம் கொடுத்து ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டை வாங்கிக்கொள்ளும் முன் ஒரு தடவை கவிழ்த்துப் பாருங்கள்.

பீங்கானின் ஜாதகம் அதன் அடியில்தான் இருக்கிறது. தட்டு, கோப்பை என்றால் முத்திரையைத் தேடுங்கள். இறக்குமதிப் பொருளில் அது தயாரான நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று 1891 முதல் அமெரிக்கா கட்டாயப்படுத்தியது. அதனால் 'இங்கிலாந்து' என்ற பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. 'மேட் இன் இங்கிலாந்து' என்றிருந்தால் அநேகமாக இருபதாம் நூற்றாண்டுச் சரக்கு. ஜப்பான் சாமானில் காலம் கணிப்பது இன்னும் சுலபம். 'நிப்பான்' என்றால் பொதுவாக 1921க்கு முந்தியது. 'ஆக்குபைடு ஜப்பான்' என்றால், போரில் தோற்ற ஜப்பான் 1952 வரை அந்நியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தது. சில வருஷமே வந்த முத்திரை என்பதால் அதை மட்டும் தேடிச் சேர்ப்பவர்கள் உண்டு.

மேலே காப்பி நிறமும் கீழே வெண்மையுமாக இருக்கிற நம் ஊறுகாய் ஜாடிகள் பலவற்றில் முத்திரையே இருக்காது. அங்கே காதும் கையும்தான் துணை. காலி ஜாடியை விரல் கணுவால் தட்டுங்கள். முழுசாக இருந்தால் கணீர் என்னும். விரிசல் இருந்தால் 'டொக்' என்று அடங்கிவிடும். காதுக்கும் தப்பிய விரிசலை உப்பு காட்டிக்கொடுக்கும். வருஷக்கணக்கில் ஊறுகாய் இருந்த ஜாடியைக் கழுவிக் காயவைத்தால், அந்தக் கோட்டில் வெள்ளையாகப் பூக்கும். அடிவிளிம்பையும் தடவிப் பாருங்கள். தரையில் இழுபட்டுத் தேய்ந்தது அங்கங்கே ஏறுமாறாக இருக்கும். ஒரே திசையில் ஒரே சீரான கீறல் என்றால், யாரோ உப்புத்தாள் போட்டுப் 'பழசு' ஆக்கியிருக்கிறார்கள். எனாமல் பாத்திரத்தைப் பீங்கான் என்று சொல்லி விற்பதும் நடக்கிறது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு. (அதற்கும் மதிப்பு உண்டு, காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் ஸ்வீடன் எனாமலுக்குத் தனி மவுசு.)

விலை? பழசு என்பதாலேயே காசு கிடைக்காது. ஆயிரக்கணக்கில் செய்த ஜாடிக்கு வயது ஒரு தகுதியே இல்லை. ஜாடியோடு பிறந்த மூடி இருக்கிறதா, வாய் விளிம்பு உடையாமல் இருக்கிறதா, அளவு அபூர்வமானதா என்றுதான் வாங்குபவர் பார்ப்பார். இணையத்தில் விற்பவர் எழுதிவைத்த விலையைப் பார்த்து மயங்க வேண்டாம். அது அவருடைய ஆசை. என்ன விலைக்குக் கைமாறியது என்பதே கணக்கு. கடைக்காரர் பாதி விலைக்குக் கேட்டாலும் கோபிக்காதீர்கள். வாடகை கொடுத்து, வாங்க ஆள் வரும்வரை அதைத் துடைத்து வைத்திருக்கப் போவது அவர்தான்.

விற்பதற்கு முன் பிசின் போட்டு ஒட்டாதீர்கள், பிளீச்சிங் பவுடரில் ஊறவைக்காதீர்கள். சிதைவு இருந்தால் அதையே முதல் படமாகப் போடுங்கள். பளிச்சென்ற வர்ணம் பூசிய பழைய கிண்ணங்களை அலங்காரத்துக்கு மட்டும் என்று சொல்லியே விற்க வேண்டும். அந்த மெருகில் ஈயம் இருக்கலாம். புளிப்பு பட்டால் அது உணவில் இறங்கும்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பெட்டியில் வைத்து அனுப்ப நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி, 100 வயது கடந்த பொருள் தொல்பொருளாகக் கருதப்படலாம். அப்படிப்பட்டதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. சந்தேகம் இருந்தால், 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள். விமான நிலையத்தில் நின்று ஜாடியின் வயதைப் பற்றி வாதாடுவது யாருக்கும் சுகமில்லை.

அன்புடன்,
ஆசிரியர்